டெஸ்பாட்சில் இருந்த பெண்

கேள்வியைக் கேட்ட தஸ்நேவிஸ் பதிலுக்காக நிற்கவில்லை. “அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எந்திரிச்சு எங்கம்மா போனீங்க?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் இது எந்த ஸ்டாப் என்று விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். வேலை கேட்டு வந்த முத்துக்கனி வாயைத் திறப்பதற்குள், “இருங்க, முதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன், வந்து கேக்கேன்” என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு தானாக மெல்ல வந்து மூடிக்கொண்டது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் தெரியவில்லை. அதில் தெரிந்தது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அவளேதான், முகம் மட்டும் சரியாக விழாமல். எங்கே போனேன். எந்த மத்தியானம். அவள் எங்கேயும் போகவில்லை. ஓரிடத்தைவிட்டுப் போவதற்கு முதலில் அங்கே இருந்திருக்க வேண்டும். ராயப்பா ஏஜென்சியின் வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனால் ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன் என்று சற்று முன்னால் இதே நாற்காலியில் இருந்துகொண்டு சொன்னது அவள் வாய்தான். வேறு யாரோ சொன்னதுபோல அந்தக் குரல் இன்னும் இந்த அறையிலேயே, மின்விசிறிக்கு அடியில், சுற்றிக்கொண்டிருந்தது.

சொல்லச் சொன்னது பெனிட்டா. கல்லூரியில் கூடப் படித்தவள், இப்போது தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருப்பவள். “ஏட்டி, நீ செல்போன் கடையில ரீசார்ஜ் பண்ணிக் குடுத்தேன்னு சொன்னா எவன் ஆபீஸ்ல சேப்பான்? இழுத்து மூடுன கம்பெனி ஒண்ணாப் பாத்துச் சொல்லு. பூட்டுன கதவத் தட்டியா விசாரிக்கப் போறான்?” ராயப்பா ஏஜென்சி மூடி இரண்டு வருஷம். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். எந்த செக்‌ஷன் என்று கேட்டால் என்ன சொல்ல என்றபோது பெனிட்டா ஏதேதோ பெயர்களை அடுக்கினாள். அதில் மனதில் ஒட்டியது டெஸ்பாட்ச் ஒன்றுதான். கடிதத்தை உறையில் போடுவது, ஒட்டுவது, கூரியர்காரனிடம் கொடுப்பது. அதில் யாரும் கேள்வி கேட்டு மடக்க முடியாது. அப்படித்தான் நினைத்தாள். தஸ்நேவிஸ் வயதானவர், தடித்த கண்ணாடி, சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். ராயப்பா என்றதும் அவர் பேனா நின்றது. எந்த செக்‌ஷன்? டெஸ்பாட்ச் சார். எந்த வருஷம்? மூடுவதற்கு முந்தின வருஷத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கம்மா” என்றார். எதற்கென்று தெரியாமல் எழுந்து திரும்பி நின்றாள். சுவரில் ஒரு கப்பல் காலண்டர். பின்னால் நாற்காலி ஒன்று நகர்கிற சத்தமும் அவர் குரலும். “நானும் ராயப்பாலதான் இருந்தேன். பகல் பூரா ஹார்பருக்குள்ள, கன்டெய்னர் கூட. சாயந்தரம் வந்து பேப்பரக் குடுத்துட்டுப் போயிருவேன். உங்க முதுகத்தான் பாத்திருக்கேன். சன்னலப் பாத்துகிட்டு இருப்பீங்க. சடை நாற்காலிக்கு வெளிய கிடக்கும்.” அந்த முதலாளி ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாராம். செக்‌ஷன்தான் பெயர். ஏ பில்லிங். ஏ டெஸ்பாட்ச். “எனக்கு ஹார்பர்னு பேரு. உங்க பேரு முத்துக்கனின்னே இன்னைக்குத்தான் தெரியும். உங்கம்மாகூட போன்ல எம்பிள்ள எம்பிள்ளன்னுதான் சொல்லுவாவளே தவிர பேர் சொன்னதில்ல.” டெஸ்பாட்சுக்கு ஒரே நாற்காலி, அதில் ஒரே ஒரு பெண். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. அவள் இடத்தில் வேறு ஆளும் போடவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு. மூடிவைத்துவிட்டுப் போயிருந்தால் சாப்பிட மனமில்லை என்று விடலாம். திறந்து வைத்துவிட்டுப் போகிறவள் திரும்பி வருகிறவள் அல்லவா. கையைக் கழுவப் போனாளா. யாராவது கீழேயிருந்து கூப்பிட்டார்களா. கூப்பிட்டிருந்தால் டெஸ்பாட்ச் என்றா கூப்பிட்டிருப்பார்கள். என்ன சாப்பாடு என்று அவர் சொல்லவில்லை, ஆனால் முத்துக்கனிக்கு அது புளிச்சோறு என்று தெரிந்தது, ஓரத்தில் ஒரு அவித்த முட்டை, பாதியாக அறுத்தது, மஞ்சள் கரு காய்ந்து ஓரம் பச்சையாகி. இது எனக்கு எப்படித் தெரியும். தெரியாது, நான் நினைத்துக்கொள்கிறேன், அம்மா எனக்குக் கட்டிக்கொடுக்கிறதைத்தான் நினைக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டும் டப்பா போகவில்லை. சன்னல் வந்தது. மரச்சன்னல், பச்சை பெயிண்ட், கீழ்க்கதவில் தாழ்ப்பாள் இல்லாமல் ஒரு கயிறு கட்டியிருந்தது. வெளியே தெரு. தெருவில் உச்சிவெயில். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டு உப்பளத்துக்குப் போகும்போது, வெள்ளையை உற்றுப் பார்க்காதே என்பார். உச்சிவெயிலில் உப்பளத்தில் தூரத்தில் நிற்கிற ஆள் தரையில் கால் படாமல் நிற்பதுபோலத் தெரியும். கிட்டே போகப்போக அங்கே ஆள் இருக்காது, வாரிக்குவித்த உப்புதான் இருக்கும். ஒருதடவை மட்டும் கிட்டே போயும் ஆள் இருந்தது. ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திக்கு நடுவில். யாரப்பா அது என்று கேட்டாள். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எது, என்றார். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் சடை எவ்வளவு நீளம் இருந்தது. அன்றைக்கு நான் சின்னப்பிள்ளை. டெஸ்பாட்ச் பெண்ணும் அன்றைக்குச் சின்னப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பாள். அவளாக இருக்க முடியாது. அவளாக இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

“இந்தா பிள்ள, டீ.” சந்தனமாரி அக்கா வந்து நின்றதே தெரியவில்லை. ஆபீசைக் கூட்டி, டீ போட்டு, முதலாளிக்குச் சோறு வாங்கி வருகிறவள். சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் சொருகியிருந்தாள். “குடி. வேர்த்துப் போய் இருக்க. இன்டர்வியூன்னா எல்லாருக்கும் வேர்க்கத்தான் செய்யும். எக்ஸ்பீரியன்ஸ் கேட்டாவளா?” ஆமா அக்கா. “கேப்பாவ. பிள்ள பெறுகதுக்கும் ஆஸ்பத்திரில முன்ன பின்ன பெத்த எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேக்காம விட்டாவளே, அதச் சொல்லு.” முத்துக்கனி சிரித்தாள். உள்ளே அவுக என்ன பேசிக்கிட்டிருக்காக என்று கேட்டாள். “என்னத்தப் பேச. முதலாளிக்கு ரெண்டு காது, ரெண்டுலயும் போனு. நேவிஸ் அண்ணாச்சி எதுக்க நின்னுகிட்டே இருப்பாவ. அவசரப்படத் தெரியாத மனுசன். நல்ல மனுசன்தான், ஆனா வெள்ளிக்கிழமையானா ஒரு மாதிரி.” எப்படி? சந்தனமாரி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “வேலையெல்லாம் முடிச்சிட்டு, அந்தா அந்தச் சன்னல்கிட்ட நின்னு ஒரு அம்மாட்ட போன் பேசுவாவ. சொந்தமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. முந்தி எங்கயோ கூட வேலை பாத்த பிள்ளையோட அம்மையாம். பிள்ளை தொலஞ்சு போச்சு. வந்துட்டாளாம்மான்னு கேப்பாவ. அங்க என்ன சொல்லுவாவளோ, சரி சரின்னு வச்சுருவாவ. மூணு வருசமா இதே பாட்டுதான். நான் கேட்டேன், அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு. அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? அன்னைக்கு மட்டும் மத்தியானமே ஆபீசுக்கு வந்தேன், அது எந்திரிச்சுப் படி இறங்கிப் போகும்போது நான் எதுக்க ஏறி வந்தேன் மாரி, வழி விட்டேன், மூஞ்சியப் பாக்கலன்னாவ. பாத்திருந்தா மட்டும்? அந்த நேரத்துல எந்தப் பொட்டச்சி மூஞ்சிய எவன் பாக்கான்.” டம்ளரை வாங்கிக்கொண்டு போகிறவள் வாசலில் நின்று திரும்பினாள். “இன்னைக்கு வெள்ளிதான், பாத்துக்க.”

எழுந்து போய்விடலாம். பை மடியில்தான் இருக்கிறது. கதவு திறந்து அவர் வருவதற்குள் படியில் இறங்கிவிடலாம். இறங்கினால் என்ன ஆகும். இறங்கினால் மறுபடியும் ஒருத்தி எழுந்து போனாள் என்று ஆகும். அதே படியில்லை, வேறு படி, ஆனாலும் அந்த மனிதர் வெளியே வந்து காலி நாற்காலியைப் பார்ப்பாரே. அதை நினைத்ததும் நாற்காலியில் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். இறங்கி எங்கே போவது என்பதும் இருந்தது. காலையில்தான் செல்போன் கடைச் சாவியைக் கடைக்காரர் முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஆள் ஸ்டூலுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு போவதும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து எதையாவது எடுக்கிற சாக்கில் இடுப்பில் கை வைப்பதும் இன்றைக்கு நேற்று நடப்பதில்லை. இன்றைக்குக் கை அங்கேயே நின்றது. சாவியை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம் இந்த ஆபீசை மட்டும் நினைத்துக்கொண்டு போனாள். அப்பாவுக்கு உப்புத்தண்ணீர் பாதத்தை அரித்து அரித்து இப்போது செருப்பு போட முடியாது, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வேலை இல்லை என்றால் திரும்பவும் அந்த ஸ்டூல்தான். அந்தக் கைதான். உண்மையைச் சொல்லலாம். சார், நான் ராயப்பாவில் வேலை பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லலாம். அப்போது அவர் முகம் என்ன ஆகும். பொய் சொன்னவள் என்று துரத்துவது ஒரு பக்கம். ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்த மனிதரிடம் வரவில்லை என்று சொல்வது யார். அதை இவள் வாயால் சொன்னால், அந்தப் பெண்ணை இவளே இன்னொரு தரம் படியில் இறக்கிவிட்டதுபோல. ஆனால் எங்கே போனீர்கள் என்பதற்கு என்ன பதில். அவள் எங்கே போயிருப்பாள். சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, பின்னால் வந்து நிற்பவர்களை ஒருநாளும் பார்க்க முடியாத ஒருத்தி. முத்துக்கனியின் இடுப்பில், காலையில் கை இருந்த இடத்தில், துணிக்கு அடியில் சில்லென்று ஒரு வட்டம் இருந்தது. அந்த டெஸ்பாட்ச் பெண்ணின் இடுப்பிலும் இருந்திருக்கும். யார் கையென்று இனித் தெரியப்போவதில்லை. செல்போன் கடையில் முத்துக்கனி சேர்ந்த முதல் மாதம் இப்படித்தான் ஒரு நாள் சோற்றைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனவள் தண்ணீர் பிடிக்காமல் ரோட்டுக்குப் போனாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். திருச்செந்தூர். கடைசி சீட்டில் உட்கார்ந்து, அங்கே போய் இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கடையிலும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. அப்படி ஒரு மத்தியானம் இருந்ததே யாருக்கும் தெரியாது. எங்கே போனாய் என்று முதல் முதலாகக் கேட்டது இந்த மனிதர்தான், அவளிடம் அல்ல, வேறொருத்தியிடம். அந்த மத்தியானம் பஸ்ஸிலிருந்து திரும்பி வந்தது நான்தானா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடி, போகாமல், கண்ணாடிக் கதவில் முகமில்லாமல் உட்கார்ந்திருந்தவளிடம் போய் நின்றுகொண்டது.

கதவு திறந்தது. அவள் பிம்பம் பக்கவாட்டில் நழுவிப் போய் மறைந்தது. தஸ்நேவிஸ் வந்தார். “முதலாளி சரின்னுட்டாவ. திங்கட்கிழமை வந்துருங்க. ராயப்பால இருந்த பிள்ளைன்னேன், அப்ப வேற கேள்வி வேண்டாம்னுட்டாவ. சம்பளம் மொதல்ல கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும்.” வேலை கிடைத்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எத்தனை படி ஏறி இறங்கினாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். எதிர் நாற்காலியில் அவர் உட்காருவதும், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொள்வதும்தான் வந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. “பஸ் ஏறிப் போயிட்டேன் சார்” என்றாள். “எந்த பஸ்?” “திருச்செந்தூர். கடைசி சீட்ல இருந்தேன். ஏன் ஏறினேன்னு கேக்காதீங்க.” “கேக்க மாட்டேன்” என்றார். “பஸ்தான. பஸ்தான ஏறினீங்க. கடலுக்குப் போகலேல்ல.” இல்லை என்று தலையாட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேட்டி நுனியை எடுத்தவர் அப்படியே அதில் முகத்தை வைத்துக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது, சத்தம் இல்லை. அடுக்களையிலிருந்து சந்தனமாரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வேண்டாம் சார், என்றாள். சொன்னாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. “உங்களுக்குக் கூச்சமா இருக்கும். மூணு வருசம். அவங்க ஒரு வார்த்தையும் கேக்க மாட்டாவ, நான் சொல்லுதேன் பாருங்க” என்று எண்ணை அழுத்தி, “அம்மா, ஹார்பர் பேசுதேன். வந்துட்டாம்மா. ஆமா. இங்ஙனதான் இருக்கா. பேசுங்க” என்று போனை அவள் காதில் வைத்தார்.

போன் அவர் கன்னத்துச் சூட்டோடு இருந்தது. அந்தப் பக்கம் ஒரு கோழி கேறுகிற சத்தம், அதற்குப் பின்னால் ரொம்பத் தூரத்தில் அலை. மூச்சு. முத்துக்கனி கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா” என்றாள். மூச்சு நின்றது. கோழி மட்டும் கேறிக்கொண்டிருந்தது. “எம்பிள்ள என்னைய ஆத்தான்னுதான் கூப்பிடுவா” என்றது குரல். அதில் கோபமே இல்லை. முத்துக்கனி போனைத் தன் கையில் வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். “அந்த மனுசர் பக்கத்துல நிக்காரா?” ஆமா. “அழுதாரா?” ஆமா. “அழட்டும். இனித் தூங்குவாரு.” கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. “நீ யாரு எவ, என்னத்துக்கு அங்க வந்து நிக்கன்னு நான் கேக்கல. நான் சொல்லுதத மட்டும் கேட்டுக்க, மூஞ்சில எதையும் காட்டிராத. அவ போன மறுமாசம் வலைக்காரர் ஒருத்தர் ஒத்தக் கொலுசக் கொண்டாந்து குடுத்தாரு. வலைல கிடந்துச்சாம். கொக்கி போயி நாந்தான் நூலு கட்டிக் குடுத்திருந்தேன். அந்த நூலு அப்படியே இருந்துச்சு. போலீசுக்கும் சொல்லல, இவருக்கும் சொல்லல. சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமை போன் வராது பாத்தியா. வந்துட்டாளாம்மான்னு அவரு கேப்பாரு. இன்னும் வரலேன்னு நான் சொல்லுவேன். அப்படிச் சொல்லும்போது அவ எங்கயோ போயிருக்கான்னுதான இருந்துச்சு.” முத்துக்கனி தஸ்நேவிஸைப் பார்த்தாள். அவர் ஈரக்கண்ணோடு சிரித்து, பேசுங்க பேசுங்க என்று கையைக் காட்டினார். “இப்ப நீ வந்துட்ட” என்றது குரல். “இனி அவரு எதுக்குக் கூப்பிடப் போறாரு.” அலை ஒன்று வந்து உடைந்தது, அடுத்தது வருவதற்கு வெகுநேரம் ஆனது. “அதனால நீ கூப்பிடு. வெள்ளிக்கிழமை. என்னத்தையாவது பேசு, சோறு தின்னத, பஸ்ல போனத, எதையாவது. தெரியுதா? தெரிஞ்சுதுன்னா சொல்லு, அவரு கேக்கும்படி சொல்லு.” முத்துக்கனி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வார்த்தை வந்தது, அவள் இதுவரை பேசியிராத ஒரு குரலில்.

“சரி ஆத்தா” என்றாள்.